நலமான பின்னும் மாத்திரை ஏன்?

படூரில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதங்களில் தூக்கம் சீராகிறது; வகுப்பறையில் பழைய உற்சாகம் திரும்புகிறது. மாத்திரை தீர்ந்துவிட்டது. திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் விடுப்பு வேண்டும். தேர்வுப் பணிகளோ நெருக்குகின்றன. “நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிடுகிறார். பலரும் தவறும் இடம் இதுதான். நலமாக உணர்வது மருந்து வேலை செய்வதன் அடையாளம். நோய் முற்றிலும் நீங்கியதற்குச் சான்று அன்று.

தொடங்கும்போது

இது தலைவலி மாத்திரை போல அன்றே பலன் தராது. மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு இன்னும் சில வாரங்கள் ஆகலாம். குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் போன்றவை முதலில் வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் குறையும். மயக்கமோ தூக்கக் கலக்கமோ இருந்தால் இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம்.

தொடரும்போது

தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சாப்பிட வேண்டாம். மது கூடாது. வலி மாத்திரை, இருமல் மருந்து, மூலிகை மருந்து எதுவாயினும் மருத்துவரிடம் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும். டிரமடால் போன்ற வலிமருந்து சிலருக்குக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என ஆபத்தில் முடியலாம். கருவுற்றால் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கலந்துபேச வேண்டும்.

நிறுத்தும்போது

திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஏற்படலாம். நோயும் திரும்பலாம். நலமான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடரச் சொல்வதே வழக்கம். மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இன்னும் நீளும். பின்னர் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். எனவே மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே விடுப்பைத் திட்டமிடுங்கள்.

மாணவர் எனில்

சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சிகிச்சையின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2007இல் அதை 24 வயதுவரை விரித்தது. மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று. அருகிருந்து கவனிக்க வேண்டும் என்பதே பொருள். மாணவரிடம் பதற்றமோ சாவைப் பற்றிய பேச்சோ தென்பட்டால் பெற்றோரிடம் அன்றே தெரிவியுங்கள், தனியே விடாதீர்கள். மாத்திரை சாப்பிடும் செய்தி ஆசிரியர் அறையில் பேச்சுப்பொருளாகக் கூடாது.

ஐயம் எழுந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரை நாம் குறைவாக எண்ணுவதில்லை. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சக ஆசிரியரையும் அப்படியே பார்ப்போம். அவர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவருடைய பாடவேளையை ஏற்றுக்கொள்வோம்.