கௌரவமா, கணக்கா?
சிறிய கார் பற்றி ஒரு மொத்த வியாபாரியின் அனுபவம்



சென்ற மாதம் சிவகாசியிலிருந்து ஒரு மளிகைக் கடைத் தம்பி சரக்கு எடுக்க வந்திருந்தார். பட்டியல் எழுதி முடித்ததும், "அண்ணாச்சி, ஒரு சின்னக் கார் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க ஆறு வருஷமா ஓட்டுறீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது கார் நன்றாக இருக்கிறதா என்பதை அல்ல, தன் கடைக்குக் கார் கட்டுபடியாகுமா என்பதை. அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊருக்குச் சின்னக் கார் வந்த கதை

எங்கள் இளமையில் கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் பியட். பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பர் 14ஆம் தேதி மாருதி 800 காரின் முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். "இது காரா, டப்பாவா?" என்று பஜாரில் கேலி பேசினார்கள். பேசியவர்களே பத்து ஆண்டு கழித்து அதைத்தான் வாங்கினார்கள். நானும் 1996இல் ஒரு பழைய 800 வாங்கினேன். 1998இல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அடுத்த ஆண்டு முடிவில் மாருதி வேகன் ஆர் வந்தது. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது.

சின்னக் கார்கள் நான்கு மீட்டருக்குள்ளேயே இருப்பதற்கும் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள்ளும், டீசல் என்ஜின் 1,500 சிசிக்குள்ளும் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். அதன் பிறகு கம்பெனிக்காரர்கள் அந்த அளவுக்குள்ளேயே கார் செய்யப் பழகிவிட்டார்கள். ஜி.எஸ்.டி. வந்த பிறகும் இதே அளவுதான். 2019இல் நான் வாங்கியபோது சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் ஆகிவிட்டது. தம்பி கொடுத்து வைத்தவர்.

வேட்டி கட்டியவனுக்கு ஏற்ற கதவு

2019இல் நான் வாங்கியது வேகன் ஆர், 1,197 சிசி பெட்ரோல் வண்டி. நீளம் 3,655 மில்லிமீட்டர், அகலம் 1,620, உயரம் 1,675. இந்த உயரம்தான் என்னை வாங்க வைத்தது. 800இல் ஏறுவது கிணற்றில் இறங்குவது போல; இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது போல. அறுபதைத் தொடும் முழங்காலுக்கு அது ஆகவில்லை. இதில் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். வேட்டி கட்டியவருக்கும், சேலை கட்டிய வீட்டுக்காரிக்கும் இதன் அருமை தெரியும். கார் பார்க்கப் போகிறவர் தன்னோடு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை அழைத்துப் போய், ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஜாரில் ஓட்டுவதற்குச் சின்ன வண்டியே சுகம். ஒரு பக்கம் மூட்டை இறங்கும், இன்னொரு பக்கம் தள்ளுவண்டி நிற்கும். நடுவில் கிடைக்கும் வழியில் இது புகுந்துவிடும். ஆனால் காலை நேரத்தில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துவிடும். கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோ கியர் சின்னக் கார்களிலும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல். முழங்கால் வலி உள்ளவர்கள் அதையே வாங்கலாம். நான் வாங்காமல் விட்டேன் என்று இன்றும் வருத்தம் உண்டு.

மதுரைக்கோ கோவில்பட்டிக்கோ நாற்கரச் சாலையில் போகும்போது 80 வேகம் வரை வண்டி சுகமாகப் போகிறது. 100ஐத் தாண்டினால் உயரமான வண்டி என்பதால் பக்கக்காற்று பிடித்து இழுக்கிறது. பெரிய லாரி ஒன்று கடந்து போனால் ஆட்டம் தெரியும். வேகத்தில் ஆசை உள்ள பையன்களிடம் சாவி கொடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு இடித்துப் பார்த்த சோதனையில் இந்த வண்டி 2019இல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரமும், 2023இல் ஒரே நட்சத்திரமும்தான் வாங்கியது. இப்போது 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் அந்த நட்சத்திரத்தைக் கேட்கவும். வாங்கிவிட்ட என் போன்றவர்களுக்கு மிஞ்சியது மித வேகமும் பெல்ட்டும்தான். பின் சீட்டில் உள்ளவர்களும் பெல்ட் போட வேண்டும்.

கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது?

நம்மவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் செலவை மட்டும் பார்ப்பார்கள். துவரம் பருப்பு மூட்டைக்கு இறக்குகூலி வரை கணக்குப் பார்க்கிறவர், காருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன் என்று தெரியவில்லை.

முதலில் மைலேஜ். டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடியும் நிரப்புங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். எனக்குப் பஜாருக்குள் 13, 14, நாற்கரச் சாலையில் 19, 20, சராசரி 17. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். வண்டியில் கோளாறு என்று உடனே ஒர்க்ஷாப்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஆறு ஆண்டு முடிந்தபோது என் பேரேட்டில் இருந்த கணக்கு இது. சாலைக்கு வந்த விலை ஏறத்தாழ 5.75 லட்சம். ஓடியது 72,000 கிலோமீட்டர், அதாவது மாதம் 1,000.

பெட்ரோல்: இன்றைய விலையில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்.
சர்வீஸ், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ்: 2 ரூபாய்.
விலை இறக்கம்: இன்று விற்றால் பாதி விலை கிடைக்கும். அந்த வகையில் 4 ரூபாய்.
முதலுக்கு வட்டி: நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வீதம், சராசரி முடக்கம் 4.3 லட்சத்துக்கு மாதம் 4,300. ஆக 4 ரூபாய் 30 காசு.

மொத்தம் கிலோமீட்டருக்கு 16 ரூபாய்க்கு மேல். மாதம் 16,300 ரூபாய். டோல் தனி. இதே வண்டியை மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், வட்டியும் விலை இறக்கமும் இன்சூரன்ஸும் நிற்காமல் ஓடுவதால், கிலோமீட்டருக்கு 30 ரூபாய் ஆகிவிடும். அப்படிப்பட்டவர் வேண்டியபோது வாடகைக் கார் வைத்துக்கொள்வதே லாபம். என் கணக்கு எப்படிக் கட்டுபடியாயிற்று என்றால், வாரம் மூன்று நாள் சாத்தூர், சிவகாசி, இராஜபாளையம் என்று வசூலுக்குப் போகிறேன். பஸ்ஸில் ஒரு நாளில் ஒரு ஊர்தான் முடியும். நேரில் போய் நின்றதால் வந்த பாக்கி, காரின் செலவை ஈடுகட்டியது.

டோல் கட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. சொந்த உபயோகக் கார்களுக்குத் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமாயிற்று. ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். கப்பலூர், எட்டூர்வட்டம் சுங்கச்சாவடிகளை அடிக்கடி தாண்டுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவும்.

வரிக் கணக்கில் கார்

கார் வாங்கக் கட்டும் ஜி.எஸ்.டி.யை நம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஓட்டுநரோடு சேர்த்து 13 பேருக்குள் அமரும் பயணிகள் வாகனத்துக்கு, காரையே விற்கும் வியாபாரம், பயணிகள் போக்குவரத்து, ஓட்டுநர் பயிற்சி ஆகிய தொழில்களில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த வரவு கிடையாது. சரக்கு ஏற்றும் மினி வேனுக்கு உண்டு. வருமான வரியில் காருக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி. சொந்த உபயோகப் பங்கை விலக்கிக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு, பணத்தை வங்கி மூலமே கட்டுங்கள்.

கார் சரக்கு வண்டி அல்ல

இது நான் அடிபட்டுக் கற்ற பாடம். 2021இல் ஒரு நாள் மினி லாரி வரவில்லை. திருத்தங்கலில் ஒரு கடைக்கு அவசரமாகப் பருப்பு வேண்டும். பின் சீட்டை மடக்கி 50 கிலோ மூட்டை நான்கை ஏற்றினோம். முன்னால் நானும் கடைப் பையனும். ஆமத்தூர் தாண்டியதும் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. எப்போதும் மிதிப்பது போலவே பிரேக்கை மிதித்தேன். எப்போதும் நிற்கும் இடத்தில் வண்டி நிற்கவில்லை. மூட்டைகள் சரிந்து வந்து சீட்டின் முதுகில் மோதின. வண்டியைச் சாலையோரக் கருவேலஞ்செடிக்குள் விட்டேன். ஆடுகளும் தப்பின, ஆடு மேய்த்த அம்மாவும் தப்பினார். விளக்கும் முன் பம்பரும் போயின.

இன்சூரன்ஸிலிருந்து பார்வையிட வந்தவர், "உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பாலிசியை எடுத்துக் காட்டினார். தனியார் கார் பாலிசியில், மாதிரிச் சரக்கும் சொந்தச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றும் உபயோகத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்திருக்கிறது. மாதிரிப் பொட்டலம் கொண்டு போகலாம். மூட்டை கொண்டு போகக் கூடாது. 18,000 ரூபாய் கைப்பணம். ஆளுக்கு ஏதும் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. நம் உறுப்பினர்கள் இன்று இரவே பாலிசியை எடுத்து அந்த வரியைப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

மறு ஆண்டு இன்னொரு பாடம். தீபாவளிக்கு முன்பு சிவகாசியில் வாடிக்கைக்காரர் ஒருவர் அன்பாக மூன்று பெரிய அட்டைப்பெட்டிப் பட்டாசு கொடுத்தார். டிக்கியில் வைத்துக்கொண்டு, வழியில் பெட்ரோல் போட நின்றேன். காற்றுப் பிடிக்க வந்தவர் கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, முதல்ல வண்டிய வெளிய எடுங்க" என்றார். அவர் முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். முழங்கை வரை தீக்காயத் தழும்பு. நான் ஒன்றும் பேசாமல் எடுத்துவிட்டேன். வெயிலில் நின்ற காரின் உட்புறம் வெளியைவிட எவ்வளவோ சூடாகும். அடியில் உராய்வு, பக்கத்தில் பெட்ரோல் டேங்க், உள்ளே பிள்ளைகள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. நமக்கே இது தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? உரிய உரிமம் உள்ள வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள், அன்பு குறைந்துவிடாது.

எலி, வெயில், வத்தல் தூசி

கிட்டங்கி அருகே கார் நிறுத்துகிறவருக்கு முதல் எதிரி எலி. எனக்கு இரண்டு முறை என்ஜின் ஒயரைக் கடித்தது. புகையிலை கட்டித் தொங்கவிட்டால் சில நாள் பலன் தரும், பிறகு எலிக்குப் பழகிவிடும். சிந்திய தானியத்தைக் கூட்டிவிட்டு, வண்டியைக் கிட்டங்கிச் சுவரிலிருந்து தள்ளி வெளிச்சத்தில் நிறுத்துவதே நல்ல வழி. ஓடாமல் நிற்கும் வண்டியில்தான் எலி குடியேறும்.

வத்தல், மல்லி தூசி உள்ள இடங்களில் ஏர் பில்டரைப் புத்தகத்தில் சொன்ன நாளுக்கு முன்பே தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓடிய பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போட்டால் சீக்கிரம் குளிரும். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம். ஐந்தாறு லட்சம் போட்டவர் தேய்ந்த டயரை மாற்ற யோசிக்கக் கூடாது.

தம்பிக்குச் சொன்ன பதில்

இவ்வளவும் கேட்ட தம்பி கடைசியில், "அப்போ வாங்க வேண்டாம்ங்கிறீங்களா?" என்றார். அவருக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் தவிர மாத ஓட்டம் 300 கிலோமீட்டர்கூட வராது. வாரம் இருமுறை சரக்கு எடுக்க மட்டும் மினி வேனுக்கு வாடகை கொடுக்கிறார். "முதலில் பழைய மினி வேன் ஒன்று பாருங்கள். அது சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் கார் வாங்குங்கள். அன்று நானே உங்களோடு வந்து ஏறி இறங்கிப் பார்க்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

கார் கௌரவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் கடன் நிற்க, வாசலில் கார் நின்றால் அதற்குப் பெயர் கௌரவம் இல்லை. வாங்குவதற்கு முன் ஒரு மாதம், எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், என்ன செலவு என்று ஒரு சிட்டையில் எழுதிப் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தச் சிட்டையே சொல்லிவிடும்.