பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: போடலாமா, வேண்டாமா?

போன வருஷம் செமஸ்டர் லீவுல அப்பா ஒரு கார் வாங்கினார். ஆறு வருஷம் ஓடிய டீசல் ஹேட்ச்பேக், ஓடோமீட்டரில் 78,000 கிலோமீட்டர், விலை 4 லட்சத்து 10 ஆயிரம். பாட்டியை மாசம் ரெண்டு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுக்காகத்தான். எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில் ஷோரூம் ஆள் ஒரு தாளை நீட்டினார். "சார், இன்னொரு 18,000 போட்டீங்கன்னா ஒரு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி. வண்டியில என்ன ஆனாலும் நாங்க பாத்துக்குவோம்."

அப்பா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீதான மெக்கானிக்கல் படிக்கிற. சொல்லுப்பா, போடலாமா?"

தெர்மோடைனமிக்ஸ் கேட்டிருந்தால் ஏதாவது உளறியிருப்பேன். இதுக்கு என்னிடம் பதிலே இல்லை. "போட்டுக்கலாம்ப்பா, ஒரு சேஃப்டிக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலில் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்பது ஒரு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. உங்க வீட்டிலயும் ஒருநாள் இப்படித் திரும்பிப் பார்ப்பாங்க. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். "இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் வாரண்டி எதுக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். கார் இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் மாதிரி வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆல்டர்னேட்டர் செத்துப்போனால் இன்சூரன்ஸ் ஒரு ரூபாய் தராது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுதுகளை சாதாரண பாலிசி விலக்கியே வைத்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாரண்டி. புது வண்டிக்கு அதைக் கம்பெனி தருகிறது. அந்தக் காலம் முடிந்த பிறகு காசு கொடுத்து நீட்டித்துக்கொள்வதுதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி.

இப்ப கணக்குக்கு வருவோம். 100 பேர் ஆளுக்கு 18,000 கட்டினால் மொத்தம் 18 லட்சம். இதில் ஷோரூமுக்குக் கமிஷன், ஆபீஸ் செலவு, வரி, லாபம் எல்லாம் போகணும். ரிப்பேருக்காக 10 லட்சம் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக நான் வைத்த எண்). சராசரியாக ஒருத்தருக்குத் திரும்பி வருவது 10,000. அதாவது சராசரி ஆளுக்கு 8,000 நஷ்டம். எண்களை மாற்றிப் போட்டாலும் திசை மாறாது. கட்டுவதை விடச் சராசரியாகத் திரும்பி வருவது குறைவாக இருந்தால்தான் அந்த வியாபாரம் நடக்கும். ப்ராபபிலிட்டி பேப்பரில் எக்ஸ்பெக்டட் வேல்யூ என்று போட்டோமே, அதேதான்.

அப்படின்னா யாருமே போடக்கூடாதா? அப்படியும் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய் ஒரே நாளில் 80,000 பில் வந்தால் சில வீடுகளில் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு மறந்துடுவாங்க. சில வீடுகளில் நகை அடகுக்குப் போகும். இரண்டாவது வீட்டுக்கு அந்த 8,000 நஷ்டமே இல்லை, நிம்மதிக்குக் கொடுத்த விலை. அதனால "இது லாபமா?" என்று கேட்பதை விட, "இந்த வண்டியில வரக்கூடிய பெரிய பில்லை நம்மால தாங்க முடியுமா, அந்த பில்லை இந்தத் தாள் உண்மையிலேயே தாங்குமா?" என்று கேட்கணும். முதல் பாதி வீட்டுக்குத் தெரியும். இரண்டாவது பாதியில்தான் ஏமாறுகிறோம்.

ரிலையபிலிட்டி பாடத்தில் பாத்டப் கர்வ் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்கு: ஒரு பொருள் பழுதாகும் வேகத்தைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் குளியல் தொட்டி மாதிரி வரும். ஆரம்பத்தில் தயாரிப்புக் குறைகளால் பழுது அதிகம். அவை கழிந்ததும் நீண்ட சமதளம், எப்போதாவது தற்செயலாக ஒன்று போகும். கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் ஏறும். வைபுல் பங்கீட்டில் பீட்டா ஒன்றுக்குக் கீழே, ஒன்று, ஒன்றுக்கு மேலே என்று மூன்றாகப் பிரிப்போமே, அதுவேதான்.

கம்பெனி தரும் புது வண்டி வாரண்டி தொட்டியின் இடது சுவரையும் தரையின் ஆரம்பத்தையும் பார்த்துக்கொள்கிறது. ஆறு, ஏழு வருஷ வண்டி நிற்பது வலது சுவர் ஏறத் தொடங்கும் இடத்தில். இனி அதில் போகப்போவதில் பெரும்பங்கு தேய்ந்து போவது. இப்போ வாரண்டித் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, ரப்பர் புஷ், ஹோஸ், பெல்ட், வைப்பர், பல்பு, எல்லாமே "சாதாரண தேய்மானம்" என்ற தலைப்பில் விலக்கப்பட்டிருக்கும். அதாவது எந்தப் பழுது வர வாய்ப்பு அதிகமோ அது வெளியே, வாய்ப்பு குறைவானது உள்ளே. இதில் மோசடி எதுவும் இல்லை. தேய்வது நிச்சயம், நிச்சயமான செலவுக்கு யாரும் உத்தரவாதம் விற்க மாட்டார்கள். ஆனா ஷோரூம்ல சொன்னது "என்ன ஆனாலும்" என்றுதானே?

எங்களுக்கு நாலாவது மாசம் தெரிந்தது. மேடு ஏறும்போது ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறலை. கிளட்ச் ஸ்லிப். 12,400 ரூபாய். வாரண்டியில் வராது என்று கவுண்டரில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அப்பா என்னை எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஒன்பதாவது மாசம் ஏசி கம்ப்ரசர் போனது. அது வாரண்டியில் வந்தது. 16,000 ரூபாய் பார்ட்டுக்கு அவர்கள் கொடுத்தார்கள், கேஸுக்கும் ஆயிலுக்கும் மட்டும் நாங்க 2,300 கட்டினோம். ஆக 18,000 கட்டி 16,000 திரும்பி வந்தது. பரவாயில்லைதான், கம்ப்ரசர் போனது எங்கள் "அதிர்ஷ்டம்".

பொருளாதாரத்திலிருந்து ஒரு விஷயம். 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை உதாரணமா வச்சு ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால எல்லாரும் எல்லா வண்டியையும் சந்தேக விலைக்கே கேட்பார்கள், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தைக்கே வரமாட்டார். இந்த வேலைக்காகத்தான் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு. இதற்கு ஒரு மருந்தாக அவர் சொன்னது, விற்பவரே தரும் உத்தரவாதம். கவனிங்க, விற்பவர் தன் கைக்காசில் தருவது. "ஆறு மாசத்துக்கு இன்ஜின், கியர்பாக்ஸ் எங்க பொறுப்பு, விலையிலேயே சேர்த்தாச்சு" என்று ஒருத்தர் சொன்னால் அவர் வண்டியை நம்புகிறார் என்று அர்த்தம். தனியாக 18,000 வாங்கிக்கொண்டு வேறொரு கம்பெனியின் தாளைக் கொடுத்தால் அது வண்டியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அதனால பேரம் பேசும்போது விலையில் 5,000 குறைக்கச் சொல்வதை விட, கடையின் சொந்த வாரண்டியை எழுத்தில் கேட்பது மேல் என்பது என் கருத்து.

சரி, எந்த வண்டிக்குப் போடலாம்? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, நிறைய எலக்ட்ரானிக்ஸ் உள்ள வண்டி, அந்தப் பாகங்கள் தாளில் பேர் சொல்லி எழுதியிருந்தால், போடலாம். கம்பெனியே தரும் வாரண்டி இன்னும் நீட்டிக்கக்கூடிய வயதில் இருந்து, சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருந்தால், இன்னும் நல்லது. சின்ன பெட்ரோல் மேனுவல் வண்டி, தெருமுனை மெக்கானிக்கே எல்லாம் பார்த்துவிடுவார் என்றால் எனக்கு அவசியமாகத் தெரியவில்லை.

போடுவதற்கு முன்னாடி தாளில் சில இடங்களைத் தேடிப் படிங்க. ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவு. எத்தனை கிலோமீட்டரில் முடியும். "ஏற்கெனவே இருந்த பழுது" என்று எதைச் சொல்கிறார்கள்? பழைய வண்டியில் இந்த ஒரு வரியை வைத்தே நிறைய க்ளெய்மை மறுக்கலாம். அதனால வாங்கும் அன்றே நம்ம மெக்கானிக்கை வைத்து முழுசாப் பரிசோதித்து, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேதியோடு வாங்கி வச்சுக்கணும். சர்வீஸ் ஒன்றைத் தவறவிட்டாலும், வெளியில் ஒயரை வெட்டி ஆம்ப்ளிஃபயர் மாட்டினாலும் வாரண்டியை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். பழைய ஓனர் ஏற்கெனவே வாரண்டி போட்டிருந்தால் அது தானாக உங்களுக்கு வந்துடாது, பேர் மாற்ற எழுதிக் கொடுக்கணும்.

சென்னையில் வண்டி தேடுறவங்களுக்குத் தனியா ஒண்ணு. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் புகுந்த வண்டியின் ஈசியூ பின்னாளில் போனால் எந்த வாரண்டியும் ஏற்காது. சீட்டுக்கு அடியில் துரு, சீட் பெல்ட்டை முழுசா இழுத்தால் அடியில் சேற்றுக்கறை, இதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்.

தாளில் இருப்பதையே தர மறுத்தால் விட்டுடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை.

போன மாசம் அதே ஷோரூமிலிருந்து புதுப்பிக்கச் சொல்லி போன். இந்தத் தடவை 21,000. அப்பா மறுபடியும் என்னிடம் கேட்டார். தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி முழுசாப் படிச்சேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டினால் டர்போவும் இன்ஜெக்டரும் கிடையாது. எங்க வண்டி இப்போ 96,000. மூணு மாசத்தில் தாண்டிடும், எங்களுக்குப் பயமே அந்த ரெண்டும்தான். "வேண்டாம்ப்பா" என்றேன். அந்த 21,000-ஐ மாசம் 1,750 வீதம் பேங்க்ல ஆர்டி போட்டிருக்கார். அதே வாரம் ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கும் சித்தப்பா போன் பண்ணினார். அவருக்கு அப்பாவே சொல்லிட்டார்: "நீ போட்டுக்கோடா. ஆனா மொதல்ல பின்பக்கத்தைப் படி."