அதே விண்டோஸை இன்னொரு கம்ப்யூட்டரில் போடலாமா?

பிள்ளைக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டுறீங்களா? "நம்ம லேப்டாப்ல இருக்கிற விண்டோஸையே போட்டுக்கலாமே" என்று தோன்றும். அது எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள்.

லேப்டாப்போடு வந்ததென்றால் அது ஓஇஎம் உரிமம். பொதுவாக அந்த மெஷினோடு சரி. லேப்டாப் பழுதானாலும் வேறொன்றுக்கு மாற்ற முடியாது. தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமத்தை மாற்றலாம். ஆனால் பழையதிலிருந்து நீக்கிய பிறகுதான். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் மட்டுமே.

மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலியை 6 பேர் பகிரலாமே என்பீர்கள். அது வேர்ட், எக்செல் சந்தா; விண்டோஸ் அதில் சேராது.

அடிமாட்டு விலைக்கு ஆன்லைனில் விற்கும் 'கீ' பின்னாளில் முடக்கப்படலாம். போட்ட காசும் போகும். பள்ளி வேலையெல்லாம் பிரவுசரிலேயே நடக்குதா? உபுண்டு போடுங்க. இலவசம், எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் யாரும் கேட்க மாட்டாங்க.