கடலுக்குப் போற தண்ணி வீணா?

மழைக்காலம் வந்தாலே வாட்ஸ்ஆப்ல ஒரு ஃபார்வர்டு சுத்தும்: ‘இத்தனை டிஎம்சி வீணா கடல்ல கலந்துடுச்சு.’ அந்த ‘வீணா’ங்கிற வார்த்தையைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் நோண்டப் போறோம்.

காவிரியையே எடுத்துக்குவோம். 2007-ல் நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கு போட்டப்போ, சுற்றுச்சூழலுக்குன்னு ஒதுக்கியது 10. தவிர்க்க முடியாம கடலுக்குப் போறதுன்னு ஒரு 4. மீதியெல்லாம் மூணு மாநிலங்களுக்கும் ஒரு யூனியன் பிரதேசத்துக்கும். அந்தப் பத்தை வருஷம் முழுக்கப் பரப்பினா விநாடிக்குச் சுமார் 317 கன அடிதான் வரும். பாசனத்துக்கு மேட்டூரைத் திறக்கும்போது ஆயிரக்கணக்குல போகும்.

அளவை விடப் பெரிய சிக்கல், நேரம். டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுறது வழக்கம். பயிருக்கு அது சரி. மீனுக்கும் நீர்நாய்க்கும் கோடை லீவு கிடையாதே! காவிரிப் படுகையில் மட்டுமே இருக்கிற திமில் மஹசீர் இப்போ அழிவின் விளிம்புல இருக்கு. முகத்துவாரத்துல ஆறு தள்ளலைன்னா கடல் உள்ளே வரும். கிணத்துத் தண்ணி உப்பாகும்.

கங்கைக்கு 2018-ல் மத்திய அரசு ஒரு வழி சொன்னது. ஹரித்வாருக்கு மேலே, வறண்ட மாசங்கள்ல சராசரி ஓட்டத்துல 20 சதவீதம், மழைக்காலத்துல 30 சதவீதம் ஆத்துலயே ஓடணும். போதுமாங்கிறது வேற சண்டை. ஆனா மாசத்துக்கு ஏத்த கணக்குங்கிறது உருப்படியான விஷயம்.

நம்ம பக்கம்? ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் ஷவர் வெச்சுக் குளிச்ச வருஷங்களைத் திருச்சிக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க.