பெல்ட் வண்டி ஏன் லாரியில் போகிறது?

சம்பா அறுவடை வந்தால் திருவண்ணாமலைப் பக்கத்துச் சாலைகளில் பெல்ட் வண்டி எனப்படும், ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரங்கள் லாரியேறிப் போகும். அந்த ரப்பர் பெல்ட் சேற்றுக்கானது. தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஏற்றினால் மட்டும் போதுமா? லாரி திடீரென பிரேக் போட்டாலும், மேலிருக்கும் இயந்திரம் பழைய வேகத்திலேயே முன்னே நகரப் பார்க்கும். அதனால்தான் அடிச்சட்டத்தின் நான்கு மூலையிலும் சங்கிலியைச் சாய்வாக இழுத்துக் கட்டுகிறார்கள். அது இயந்திரத்தைத் தளத்தோடு அழுத்தி உராய்வைக் கூட்டும், நகரவும் விடாது.

எனக்குப் பெரிய கவலை முன்னாலிருக்கும் அறுக்கும் பகுதி. தூக்கியபடியே விட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் எடை ஹைட்ராலிக் சிலிண்டரில் இடிக்கும், சீல் கசியும். மரக்கட்டை மேல் இறக்கி வைக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் லாரியை நிறுத்தி, சங்கிலியைத் தொட்டுப் பாருங்கள். குலுக்கலில் ரப்பர் அமுங்கி, கட்டு தளர்ந்திருக்கும்.