ஆங்கிலத் தாளமும் தமிழ் மாத்திரையும்

இரண்டாம் மொழி கற்பித்தலில் தனி ஒலிகளுக்குத் தரப்படும் இடம், அவற்றின்மேல் அமையும் அழுத்தத்திற்கும் தாளத்திற்கும் தரப்படுவதில்லை. தமிழர் ஆங்கிலம் கற்கையில் இக்குறை பொருளையே மாற்றிவிடுவதுண்டு. 'ஐ கேன் கோ' என்னும் தொடரில் 'கேன்' அழுத்தம் பெறாது. அதன் உயிர் தேய்ந்து 'க்ன்' என்னும் அளவிலேயே நிற்கும். எதிர்மறையாகிய 'கேன்ட்' அழுத்தமும் முழு உயிரும் பெறும். அமெரிக்கப் பேச்சில் அதன் இறுதி டகரம் பெரும்பாலும் வெடித்து ஒலிப்பதில்லை. எனவே தமிழர் எல்லா அசைகளையும் நிறைவாக ஒலித்துத் தம்மால் போக இயலும் என்று கூறுகையில், கேட்கும் அமெரிக்கர் 'இயலாது' என்று கொள்ளக்கூடும்.

மொழிகளின் தாளத்தை அழுத்தநேரத் தாளம், அசைநேரத் தாளம் என்று கென்னத் பைக் 1945இல் வேறுபடுத்தினார். டேவிட் அபர்கிராம்பி 1967இல் இப்பாகுபாட்டை உலக மொழிகள் அனைத்திற்கும் விரித்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த காரொலின் கிரகாம், 1978இல் 'ஜாஸ் சாண்ட்ஸ்' என்னும் நூலின் வழியே தாளத்தை வகுப்பறைக்குரிய பயிற்சியாக்கினார். அன்றாட உரையாடற் சிறு தொடர்களைச் சீரான தாளத்திற்கு மாணவர் குழுவாகச் சொல்வதே இம்முறை.

இதன் அடிப்படையை எளிதிற் காட்டலாம். 'பாய்ஸ் செல் மில்க்' என்பதில் மூன்று அசைகள், மூன்று தட்டுகள். 'த பாய்ஸ் வில் பி செல்லிங் த மில்க்' என்பதில் எட்டு அசைகள். தட்டுகளோ அதே மூன்று. இடைப்பட்ட ஐந்து அசைகளும் ஒடுங்கித் தட்டுகளுக்கிடையே அடங்க வேண்டும்.

தட்டுகளுக்கிடையேயான காலம் உண்மையிலேயே சமமானதா என்பது வேறு வினா. ஆங்கிலத்தில் அழுத்தங்களுக்கிடையேயான இடைவெளி பிற மொழிகளினும் சீரானதன்று என்று ரெபெக்கா டாவர் 1983இல் காட்டினார். அசையமைப்பும் அழுத்தமற்ற உயிர்களின் தேய்வுமே வேறுபாட்டிற்குக் காரணம் என்பது அவர் முடிபு. கற்பிப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கைதட்டலை மட்டும் நம்பினால், தமிழ் மாணவர் எட்டு அசைகளையும் ஒரே நிறைவோடு விரைந்து சொல்லி முடிப்பர். தாளம் தப்பாது, ஆங்கிலமும் அமையாது. பயிற்றப்பட வேண்டியது தேய்வே. தாளம் அதற்குரிய கருவி மட்டுமே.

தேய்வு தமிழர்க்குப் புதிதன்று. கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் மாத்திரையை அளந்த தொல்காப்பியம், குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரையே தருகிறது. 'பசு', 'காசு' ஆகிய சொற்களைச் சொல்லிப் பார்த்தால், முன்னதில் இதழ் குவிவதும் பின்னதில் குவியாது உகரம் குறைவதும் புலனாகும். எழுத்து ஒன்றே, ஒலிப்பு வேறு. இவ்வுணர்விலிருந்து தொடங்கும் ஆசிரியர், 'த', 'டு', 'ஆஃப்' போன்ற இலக்கணச் சொற்களின் தேய்வை விளக்குதல் எளிது. ஆயினும் இவ்வொப்புமை வாயில் அளவினதே. தமிழ்க் குறுக்கத்தை ஒலிச்சூழல் தீர்மானிக்கிறது. ஆங்கிலத் தேய்வு அழுத்தத்தைப் பொறுத்தது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசையில் நிற்கும் அழுத்தம், அதை எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசைக்கும், பெயரடையில் மூன்றாம் அசைக்கும் நகர்கிறது; நகருந்தோறும் உயிர்களும் மாறுகின்றன. ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் தரும் கையேடுகள் ஒவ்வோர் அசைக்கும் முழு உயிரையே எழுதுவதால், இம்மாற்றத்தை மறைத்துவிடுகின்றன. அவற்றைக் கொண்டு ஒலிப்பைக் கற்பிப்பது பிழையைப் பாடமாக்குவதற்கு ஒப்பாகும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. 'ஷீ பாட் த ஹவுஸ்' என்பதில் முதற்சொல் சிறப்பழுத்தம் பெறின், 'வீட்டை வாங்கியது அவள்தான்' என்பதே பொருத்தமான தமிழாகும்; இறுதிச் சொல் பெறின், 'அவள் வாங்கியது வீட்டைத்தான்'. ஆங்கிலம் குரலால் செய்வதைத் தமிழ் 'தான்', ஏகாரம், சொல்வைப்பு ஆகியவற்றால் செய்கிறது. அச்சிட்ட பக்கத்தில் அக்குரல் பெரும்பாலும் தென்படுவதில்லை. முன்பின் சூழலைக்கொண்டு மொழிபெயர்ப்பாளரே அதனைக் கேட்டறிய வேண்டும். எதிர்த்திசையிலும் இது நிகழ்கிறது. 'நேற்றுத்தான் சொன்னேன்' என்பதை ஆங்கிலத்தில் கூறுவோர், 'எஸ்டர்டே' என்னும் சொல்லை அழுத்துவதற்கு மாறாக அதனையடுத்து 'ஒன்லி' சேர்க்கின்றனர். இலக்கணப் பிழையெனத் திருத்தப்படும் அந்த 'ஒன்லி', கற்பிக்கப்படாத அழுத்தத்தின் இடத்தில் வந்து நிற்கும் 'தான்' ஆகும்.