ஃப்ரிட்ஜில் வைத்தும் பழம் கருத்துப்போகுதா? பலா, வாழைக்குப் பின்னால் இருக்கும் 13 டிகிரி கணக்கு!

பலா சீசன் வந்துவிட்டால் நெய்வேலி சாலையோரங்களில் பண்ருட்டிப் பலா குவிந்துவிடும். வெளியே வெயில் கொளுத்த, பழம் கெட்டுவிடுமே என்று எல்லோரும் நம்புவது குளிரைத்தான். ஆனால் நம்ம ஊர்ப் பழங்களுக்கு அந்தக் குளிரே சில நேரம் எமன். இதைக் ‘குளிர் பாதிப்பு’ என்கிறார்கள்.

உறைவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பழம் உறைய 0 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போக வேண்டும். குளிர் பாதிப்போ 12 டிகிரியிலேயே தொடங்கிவிடும். பலாவுக்கும் வாழைக்காய்க்கும் பாதுகாப்பான அளவு சுமார் 13 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுவது 4 டிகிரியை ஒட்டி. ஆப்பிள் குளிர்ப் பிரதேசத்துப் பழம் என்பதால், 0 டிகிரியில்கூட மாதக்கணக்கில் தாங்கும்.

உள்ளே என்ன நடக்குது?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும் அல்லவா? கொழுப்பாலான செல் சவ்வும் கிட்டத்தட்ட அப்படித்தான் இறுகி, கசியத் தொடங்கும். தனித்தனியாக இருந்த ஃபீனால் பொருட்களும் நொதிகளும் கலந்துவிட, தோலும் சுளையும் பழுப்பாகும். பழுக்கும் வேலையும் தடுமாறும். வாழைக்காய் என்றால் மஞ்சளாகாமல் சாம்பல் பூத்து நிற்கும்.

நஷ்டம் யாருக்கு?

சிக்கலே இங்கேதான். கிடங்குக்குள் இருக்கும்வரை பழம் பார்க்க நன்றாகவே இருக்கும். வெளியே எடுத்து ஓரிரு நாளில்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் சரக்கு கைமாறியிருக்கும். தப்பு யார் மேல் என்று சொல்ல முடியாது. உருளைக்கிழங்குக்காக 4 டிகிரியில் ஓடும் அறையில், இடம் இருக்கிறதே என்று பலாவை அடுக்கினால், வாடகையும் கொடுத்துப் பழத்தையும் கெடுத்த கதைதான்.

அப்போ என்ன செய்யலாம்?

* காயாக இருக்கும் வாழை, மா, பப்பாளியை வெளியிலேயே பழுக்க விடுங்கள்.

* பழுத்த மாம்பழத்தைச் சில நாட்கள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

* பலாவைச் சுளையாக எடுத்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து 2, 3 நாளில் தீர்த்துவிடுங்கள்.

* ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கருத்தால் பதற வேண்டாம். உள்ளே சதை நன்றாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

* குளிர்பதனக் கிடங்கில் சரக்கு வைக்கும் விவசாயிகள், வாடகை பேசும் முன் கேட்க வேண்டியது இரண்டு: எத்தனை டிகிரி? பக்கத்தில் என்ன சரக்கு?